வேலிக்குள் கிடந்த குதிரை லத்தி

உட்காருங்கள் தம்பி. பஸ் இப்போதைக்கு வராது. பையை மடியில் வைத்துக்கொண்டு ஏன் கஷ்டப்படுகிறீர்கள், கீழே வையுங்கள். இந்த ஊரில் பையை எடுக்கிற ஆள் கிடையாது. வேறு வேலை செய்கிற ஆள் உண்டு. அதைச் சொல்கிறேன்.

குதிரை ஏறத்தானே வந்தீர்கள்? இல்லையா? ஷூவைப் பார்த்தால் அப்படித்தான் தெரிந்தது. சும்மா புல்மேட்டைப் பார்க்க வந்தீர்கள். சரி, அப்படியே இருக்கட்டும். பார்க்க விட்டார்களா? கேட்டில் பூட்டு தொங்கியிருக்குமே.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளக் கூடாது. நீங்கள் ஃபாரஸ்ட் ஆள் இல்லையே? ரெஜினா மேடத்துக்கு வேண்டியவர்? இல்லை. செல்லாண்டியைத் தெரியுமா? பெயரைக்கூடக் கேட்டதில்லை. அப்படியானால் நல்லது. தெரியாத ஆளிடம்தான் இதைப் பேச முடியும். தெரிந்தவன் காதில் போட்டால் நான் வீடு போய்ச் சேருவதற்குள் அது செல்லாண்டி வீட்டு அடுப்படிக்குப் போயிருக்கும்.

என் பெயர் நாட்ராயன். இந்தக் கூனிக்காட்டில் பூண்டு போடுகிறேன். மூன்று மாடு இருக்கிறது. இன்றைக்குக் கீழே ரேஞ்ச் ஆபீசுக்குப் போகிறேன், ஒரு காகிதத்தில் கையெழுத்துப் போட. நான் போட்டால் என் மாடுகளுக்குப் புல்மேடு திறக்கும். செல்லாண்டியின் குதிரைகளுக்கு ஒரேயடியாக மூடும். அவ்வளவுதான் விஷயம். செல்லாண்டி யார் என்று கேட்கிறீர்கள். என் பெண்டாட்டியின் கூடப் பிறந்த தம்பி.

முகத்தைச் சுளிக்காதீர்கள். முழுவதும் கேட்டுவிட்டுச் சுளியுங்கள்.

பதினொரு வருஷத்துக்கு முன்னால் என் மகளுக்குக் கல்யாணம். தாய்மாமன் சீர் கொண்டு வரவேண்டும் இல்லையா? ஊரில் எல்லாரும் தாம்பாளத்தில் வைத்து நடந்து வருவார்கள். இவன் குதிரை மேல் வந்தான். அப்போது கொடைக்கானல் ஏரிக்கரையில் யாரோ ஒருத்தருடைய குதிரையைச் சவாரிக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். அந்தக் குதிரைக்கு நெற்றிச்சுட்டி, சலங்கை, இவன் தலையில் உருமால். மேளம், வெடி. குதிரை நேரே பந்தல் வாசலுக்கு வந்தது. குலையோடு கட்டியிருந்த வாழைமரத்தைத் தின்ன ஆரம்பித்தது. மாப்பிள்ளை வீட்டார் மொத்தமும் நிற்கிறார்கள். இழுத்தாலும் வரவில்லை, அடித்தாலும் வரவில்லை. ஒரு பக்கத்து மரத்தை முடித்துவிட்டு அடுத்த பக்கத்து மரத்துக்குப் போயிற்று. இன்றைக்கும் என் சம்பந்தி போன் செய்தால், “என்ன சம்பந்தி, வாழையெல்லாம் பத்திரமா?” என்றுதான் ஆரம்பிப்பார்.

குதிரை தின்றதை விட்டுவிடலாம். அதற்கு அறிவு கிடையாது. இவன் அதன் மேல் உட்கார்ந்துகொண்டு சிரித்தான். அதைத்தான் நான் பார்த்தேன்.

அன்றிலிருந்து அவனோடு பேச்சு கிடையாது. இப்போது நாலு வீடு தள்ளித்தான் இருக்கிறான். சொல்ல வேண்டியது இருந்தால் நடுவில் ஓர் ஆளை வைத்துச் சொல்வேன். ஆள் கிடைக்காவிட்டால் மாட்டைப் பார்த்துச் சொல்வேன். “ஏன்டி, ஓடையில குதிரையக் குளிப்பாட்டுறவன் எவன்னு கேளு” என்று மாட்டிடம் சொன்னால் போதும், அவனுக்குக் கேட்கும். அவனோ நேருக்கு நேரே, “மாமா, குளிப்பாட்டல மாமா, தண்ணி காட்டுறேன்” என்பான். மாமா, மாமா என்று கூப்பிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா? அது அவன் தந்திரம்.

மூன்று வருஷம் முன்னால் சொந்தமாக மூன்று குதிரை வாங்கிக்கொண்டு மேலே வந்துவிட்டான். ஏரிக்கரையில் கூட்டம் அதிகமாகிவிட்டதாம், இங்கே புல் இருக்கிறதாம், வெளியூர்க்காரர்கள் கார் எடுத்துக்கொண்டு இவ்வளவு தூரம் வருகிறார்களாம். புல்மேட்டைச் சுற்றிச் சவாரி. சவாரி இல்லாத நாளில் மூன்றும் அங்கேயே மேயும். ஊரில் எல்லாருக்கும் சந்தோஷம். டீக்கடைக்காரன் அவனுக்குப் பெஞ்சைத் துடைத்துப் போட்டான். நான் ஒருத்தன்தான் சொன்னேன், இது நல்லதுக்கில்லை என்று.

நான் சொன்னது நடந்ததா இல்லையா? நடந்தது.

என் மாடும் அங்கேதான் மேய்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மாடு வேறு. மாட்டுக்கு மேல்வாயில் முன்பல் கிடையாது. நாக்கைச் சுழற்றிப் புல்லை இழுக்கும், அடிக்கட்டை நிற்கும், மறுபடி துளிர்க்கும். குதிரைக்கு மேலேயும் பல், கீழேயும் பல். சவரம் செய்வதுபோலத் தரையோடு எடுத்துவிடும். ருசி கண்ட இடத்தையே திரும்பத் திரும்பக் கடிக்கும். பக்கத்தில் முழங்கால் உயரம் புல் நிற்கும், அதைத் தொடாது. காலில் வேறு லாடம். மேலே ஒரு தடியன் உட்கார்ந்திருப்பான். ஈர மண்ணில் அந்தக் கால் அழுந்தினால் புல் வேரோடு பெயர்ந்து வரும்.

முதலில் ஒரு தடம்தான் இருந்தது, ஒரு சாண் அகலம். ஒரு மழைக்காலம் முடிந்தபோது அது வாய்க்கால். வாய்க்கால் சேறானதும் குதிரை அதில் நடக்காது, பக்கத்தில் நடக்கும். அது இன்னொரு தடம். அதுவும் சேறானதும் அதற்குப் பக்கத்தில். இப்போது ஆறு தடம் கிடக்கிறது. அந்த மேடு மழையைப் பிடித்து வைத்திருந்து பங்குனி வரைக்கும் ஊற்றாக விட்டுக்கொண்டிருந்தது. எங்கள் பூண்டுக்கு அதுதான் தண்ணீர். இப்போது மழை பெய்தால் ஆறு வாய்க்காலிலும் அன்றைக்கே இறங்கி ஓடிப்போகிறது. போன வருஷம் மாசியிலேயே ஊற்று மெலிந்துவிட்டது.

இதை நான் வீம்புக்குச் சொல்லவில்லை. ரெஜினா மேடமும் இதையேதான் சொன்னது. அதில் மட்டும் அந்த அம்மாவும் நானும் ஒரு கட்சி.

ரெஜினா மேடம் யாரென்றால், காலேஜிலிருந்து வந்த அம்மா. புல்லைப் பற்றிப் படிக்கிறதாம். வந்த முதல் வாரமே மேட்டில் நாலு இடத்தில், பத்தடிக்குப் பத்தடி, இடுப்பு உயரத்துக்குக் கம்பிவேலி போட்டது. உள்ளே ஆடு மாடு குதிரை எதுவும் வாய் வைக்கக் கூடாது. எனக்கு அப்போதே சந்தேகம். நாலு பக்கம் வேலி போடுகிறவர்கள் நாளைக்கு மேடு முழுவதும் போடமாட்டார்களா? ஒரு நாள் முழுக்கப் புதருக்குப் பின்னால் உட்கார்ந்து பார்த்தேன். அந்த அம்மா குப்புறப் படுத்துக்கொண்டு, கண்ணில் ஒரு கண்ணாடியை வைத்துக்கொண்டு, புல்லை ஒவ்வொன்றாக எண்ணுகிறது. நோட்டில் எழுதுகிறது. மறுபடி எண்ணுகிறது. ஆறு மாதத்தில் வேலிக்குள்ளே புல் முழங்கால் வரை வந்துவிட்டது. ஊதாப் பூ ஒன்று பூத்தது. அது அங்கே பூத்து நான் பார்த்து எத்தனையோ வருஷம் ஆயிற்று. ராத்திரியில் ஏதாவது உரம் போடுகிறதோ என்று மோந்துகூடப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

ஒரு தரம் என்னையே மடக்கியது. “ஐயா, உங்க மாடும் ஊத்துல இறங்கி மிதிக்குதே?”

“என் மாடு தண்ணி குடிக்க இறங்குதும்மா. குதிரை வேணும்னே இறங்குது” என்றேன்.

சிரித்துவிட்டு அதையும் எழுதிக்கொண்டது. எதற்கு எழுத வேண்டும்?

ஊற்று மெலிந்ததும் நான் ரேஞ்சரிடம் போனேன். குதிரையை வெளியேற்றுங்கள் என்றேன். அவர் நல்ல மனுஷன்தான், ஆனால் எல்லாவற்றுக்கும் காகிதம் கேட்பார். “பெரியவரே, சவாரித் தடத்தை விட்டு மேடு முழுக்கக் குதிரை மேயுதுன்னு சொல்றீங்க. ஆதாரம் இருக்கா? எங்க ஃபாரஸ்ட் கார்டு போய்ப் பாத்துட்டு ஒரு லத்திகூட இல்லைங்கிறாரே” என்றார்.

எப்படி இருக்கும்? செல்லாண்டி தினமும் சாயங்காலம் சாக்கை எடுத்துக்கொண்டு போய் லத்தியைப் பொறுக்கிவிடுகிறான். ஒன்று விடாமல். கொட்டகைக்குப் பின்னால் கொண்டுவந்து குவிக்கிறான். ஆபீசில் சொன்னார்களாம், மேட்டைச் சுத்தமாக வைத்திரு என்று. நான் உங்களைக் கேட்கிறேன், மடியில் கனமில்லாதவன் எதற்குத் தம்பி தடயத்தைப் பொறுக்க வேண்டும்?

ரொம்ப யோசித்தேன். அந்த லத்தி எங்கே விழுந்தது? மேட்டில். இப்போது எங்கே இருக்கிறது? கொட்டகைக்குப் பின்னால். அதை இருந்த இடத்துக்கே திரும்பக் கொண்டுபோய் வைத்தால் அது எப்படித் தப்பாகும்?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் நான் பொய்ச்சாட்சி சொல்கிறவன் இல்லை. போட்டது குதிரை. அவன் குதிரை. நான் சுமந்தது மட்டும்தான்.

அவன் சவாரிக்காரர்களோடு மேட்டுக்கு அந்தப் பக்கம் போயிருக்கும் நேரமாகப் பார்த்து, நல்ல வெயிலில், கூடையில் அள்ளினேன். மேலே கொஞ்சம் சருகு. யாராவது கேட்டால் பேரி மரத்துக்கு எரு என்று சொல்வேன். ஐப்பசி மழை தொடங்கிய பிறகு ஆரம்பித்து மார்கழி வரைக்கும் சுமந்தேன். அதிலும் நான் ஏனோதானோ என்று கொட்டவில்லை. குதிரை நடந்துகொண்டே போட்டால் உருண்டு சிதறிக் கிடக்கும். நின்று போட்டால் குவியலாகக் கிடக்கும். இரண்டு விதமாகவும் வைத்தேன். கார்டு கண்ணில் பட வேண்டுமே என்று பாறை ஓரங்களிலும் உச்சியிலும் வைத்தேன். மேடம் எப்போதும் வேலிக்கு உள்ளேதான் குப்புறப் படுத்திருக்கும், அதனால் வேலிக்கு உள்ளேயும் போட்டேன். எட்டி வீசினால் போயிற்று.

என் பெண்டாட்டி வீரக்காள் இருக்கிறாளே, அவளுக்கு மூக்கு ஜாஸ்தி. கூடையைப் பார்த்துவிட்டாள்.

“பூண்டுக்குப் பச்சைச் சாணியப் போட விடமாட்டீங்க. ரெண்டு வருஷம் மக்கணும், இல்லாட்டி களை முளைச்சு வயலே போயிரும்னு என்னையப் போட்டுக் கத்துவீங்க. இது எந்த வயலுக்கு, பச்சையாப் போவுது?”

“பேரி மரத்துக்கு.”

“நம்மகிட்ட பேரி மரம் எங்க இருக்கு?”

பெண்களிடம் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருக்க முடியுமா? அவள் அவனுக்கு அக்கா வேறு.

தை பிறந்தது. பனிகூட இன்னும் விடவில்லை. மேட்டில் ஒரு செடி முளைத்தது. நம் மலைச் செடி இல்லை. இலை பல் பல்லாக இருக்கும், தரையோடு படுத்துக்கொண்டு சுற்றிலும் புல்லை நெரிக்கும். கிள்ளினால் பால் வரும். மாடு மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். நடுவில் ஒரு மஞ்சள் பூ. அந்தப் பூ காய்ந்தால் பஞ்சு, பஞ்சு பறந்தால் மலை முழுக்கச் செடி. அப்படி மேடம் சொன்னது. குதிரைக்கு இவன் கீழ்நாட்டிலிருந்து கட்டுக் கட்டாகக் காய்ந்த புல் இறக்குகிறான், கொள்ளும் தவிடும் இறக்குகிறான். அதிலிருந்த விதை குதிரை வயிற்றில் புகுந்து லத்தியோடு வெளியே வந்திருக்கிறது. பார்த்தீர்களா? குதிரையால் வந்த வினை. நான் ஆரம்பத்திலிருந்தே சொன்னதுதான்.

என்ன கேட்கிறீர்கள்? லத்தியை மேட்டில் போட்டது யார் என்றா? குதிரை, தம்பி. குதிரை. எத்தனை தரம் சொல்வது?

பள்ளிக்கூடக் கட்டடத்தில் கூட்டம் போட்டார்கள். ரேஞ்சர், கார்டு, ரெஜினா மேடம், ஊர் மொத்தமும். மேடம் ஒரு படத்தைச் சுவரில் ஒட்டியது. நாற்பத்தொரு இடத்தில் செடி வந்திருக்கிறது, நாற்பத்தொரு சிவப்புப் புள்ளி. சவாரித் தடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

“எனக்கு ஒண்ணு புரியல. பாறை உச்சியில குதிரை ஏறாது. அங்க லத்தி கிடந்தது. நாலு வேலிக்குள்ளயும் கிடந்தது. வேலி எங்கயும் அறுபடல. எப்படி உள்ள போச்சு?” என்றது மேடம்.

டீக்கடைக்காரன் மேலே கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். வீரக்காள் என்னைப் பார்த்தாள். நான் மேடம் ஒட்டின படத்தைப் பார்த்தேன். அப்போது செல்லாண்டி எழுந்தான். நேரே என்னைப் பார்த்தான், தம்பி. கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் ரேஞ்சர் பக்கம் திரும்பி, “மின்னல்தான் சார். தாண்டியிருக்கும். துடியான குதிரை” என்றான்.

மின்னல் என்பது அவனுடைய வெள்ளைக் குதிரை.

எப்படி? அவன் வாயாலேயே ஒத்துக்கொண்டான்! தப்புச் செய்யாதவன் அப்படி ஒத்துக்கொள்வானா? சண்டை போட்டிருக்க மாட்டான்? நானாக இருந்தால் பள்ளிக்கூடத்து ஓட்டைப் பிய்த்திருப்பேன். இவன் உட்கார்ந்துவிட்டான். குற்றமுள்ள நெஞ்சு. நான் அப்படித்தான் நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். வேறு எப்படி நினைக்கச் சொல்கிறீர்கள்?

ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் அநியாயம். குதிரையை மட்டும் நிறுத்துவார்கள் என்று பார்த்தால், விசாரணை முடிகிறவரைக்கும் குளம்புள்ள எதுவும் மேட்டில் கால் வைக்கக் கூடாது என்று பூட்டைப் போட்டுவிட்டார்கள். கால் பட்டால் விதை பரவுமாம். என் மாடு என்ன செய்தது? ஒரு மாதமாகக் கட்டுத்தறியில் நிற்கிறது. பூண்டுத் தாளைப் போட்டால் மோந்து பார்க்கிறது, பசியில் தின்கிறது, பாலில் பூண்டு வாடை அடிக்கிறது. அந்தப் பாலை யாரும் வாங்குவதில்லை. சின்னது சினையாக இருக்கிறது. அதற்கு விலா எலும்பு தெரிகிறது, தம்பி. வயிற்றில் கன்றை வைத்துக்கொண்டு விலா எலும்பு தெரிகிற மாட்டை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? காலையில் எழுந்து அதன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

ஒரு நாள் பார்த்தால் தொட்டியில் நல்ல பசும்புல் கிடந்தது. ஓடைக்கரைப் புல், இளசாக அறுத்தது. எங்கிருந்து என்று வீரக்காளைக் கேட்டேன்.

“என் தம்பி கொண்டாந்து போட்டுட்டுப் போறான். வாயில்லாச் சீவனுக்கு. உங்களுக்கு இல்ல, நீங்க ஒண்ணும் மொறைக்க வேண்டாம்” என்றாள்.

ஒவ்வொரு கட்டாகப் பிரித்துப் பார்த்தேன், உள்ளே ஏதாவது வைத்திருக்கிறானா என்று. நாலு நாள் பார்த்தேன். புல்தான். எதற்காகப் போடுகிறான்? என்ன எதிர்பார்க்கிறான்? அதுதான் பிடிபடவில்லை.

அப்போதுதான் கார்டு வந்து சொன்னார். “நேருல பாத்தவங்க ஒருத்தர் எழுதிக் குடுத்தாப் போதும் பெரியவரே. குதிரைதான் வேலியத் தாண்டுச்சுன்னு. குதிரைய நிரந்தரமா நிறுத்திட்டு மாட்டை விட்டுடலாம். நீங்க பாத்தீங்களா?”

பார்த்தேன் என்றேன்.

நீங்கள் ஏன் அப்படிப் பார்க்கிறீர்கள்? பார்த்த மாதிரிதான். மின்னல் தாண்டக்கூடிய குதிரைதான். பந்தயத்துக்குப் பழக்கிய சாதி என்று அவனே பெருமை பேசியிருக்கிறான். ஓடி வந்தது, காலைத் தூக்கியது, தாண்டியது. இதில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது? ஆமாம், மேய விடும்போது முன்னங்கால் இரண்டையும் சேர்த்துத் தளை போட்டுத்தான் விடுவான். இல்லாவிட்டால் ஓடிப்போய்விடுமே. தளை போட்ட குதிரை எப்படித் தாண்டும் என்று ரேஞ்சர் கேட்பாரா? கேட்பார் என்கிறீர்களா? நீங்கள் ஆபீஸ் ஆள் இல்லை என்றுதானே சொன்னீர்கள்?

இருங்கள். பேச்சை நிறுத்துங்கள். அதோ வருகிறான்.

அவன்தான். வெள்ளைச் சட்டை. எதற்காக இந்த நேரத்தில் பஸ்ஸுக்கு வருகிறான்? இங்கேதான் உட்காரப் போகிறான், பாருங்கள். உட்கார்ந்துவிட்டான். நீங்கள் நடுவில் இருப்பது நல்லதாகப் போயிற்று. நகராதீர்கள்.

“மாமா, ஆபீசுக்குத்தானே? நானும் வரேன்.”

தம்பி, எதற்கு என்று அவனிடம் கேளுங்கள்.

“ஒத்துக்கிட்டேன்னு எழுதிக் குடுக்கத்தான். நீங்க ஒரு பக்கம் எழுதி, நான் ஒரு பக்கம் எழுதினா இன்னைக்கே முடிஞ்சிரும். நாளான்னைக்கு மாட்டை மேட்டுக்கு ஓட்டலாம். அக்கா சொல்லுச்சு, சின்னது ரொம்ப மெலிஞ்சு போச்சாமே.”

மாட்டைப் பற்றி அவனுக்கென்ன? குதிரைக்கு என்ன செய்வான் என்று கேளுங்கள்.

“நாளைக்குக் காலையில லாரி வருது மாமா. அடிவாரத்துல ஒருத்தர் மூணையும் எடுத்துக்கிறேங்கிறாரு. நல்லாத்தான் வச்சுக்குவாரு. மின்னலு மட்டும் யாரையும் அண்ட விடாது. பாப்போம்.”

கேட்டீர்களா? நான் கையெழுத்துப் போடுவதற்கு முன்னாலேயே லாரிக்குச் சொல்லிவிட்டான். சண்டை இல்லை, கெஞ்சல் இல்லை. இதில் ஏதோ இருக்கிறது, தம்பி. ஒருத்தன் இப்படிச் சும்மா விட்டுக்கொடுப்பானா?

“மாமா, ஒண்ணே ஒண்ணு. எப்ப தாண்டுச்சுன்னு ரேஞ்சர் கேப்பாரு. ஐப்பசி மழைக்குப் பெறகுன்னு சொல்லுங்க. மேடம் நோட்டுல அதுக்கு முன்னாடி வேலிக்குள்ள ஒண்ணும் கிடையாது. மாத்திச் சொன்னீங்கன்னா மாட்டிக்குவீங்க.”

மாட்டிக்கொள்வேனா? நானா? என்ன சொல்கிறான் இவன்? ஐப்பசி என்று இவனுக்கு யார் சொன்னது? கேளுங்கள். வீரக்காளா? அவளுக்கே மாதம் தெரியாதே.

“யாரு சொல்லணும்? உங்க கூடையில அடி பொத்தல் மாமா. என் கொட்டகையில எடுத்து மேடு வரைக்கும் உருட்டி உருட்டி விட்டுக்கிட்டே போயிருக்கீங்க. ஒரு குருட்டுப் பய பாத்தாக்கூட வழி தெரிஞ்சுக்குவான். நீங்க திரும்பி வந்ததும் நான்தான் வெளக்குமாத்த எடுத்துக்கிட்டுப் பின்னாடியே வழியெல்லாம் பெருக்கிட்டுப் போவேன், நீங்க மேட்டுல வச்சத மட்டும் விட்டுட்டு. மூணு மாசம். இடுப்பு ஒடிஞ்சு போச்சு எனக்கு.”

பஸ் சத்தமா அது? இல்லை, பால் வண்டி.

தம்பி, அவனிடம் கேளுங்கள், கூட்டத்தில் ஏன் சொல்லவில்லை என்று.

“சொல்லி?”

அவ்வளவுதான் சொல்கிறான். சொல்லி, என்கிறான். பாருங்கள், முகத்தில் ஒன்றுமே இல்லை. சிரிக்கிறானா என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.

இப்போது நிஜமாகவே பஸ்தான். வளைவில் ஹாரன் அடிக்கிறான். உங்கள் பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஏறுவதற்கு முன்னால் அவனிடம் நான் சொல்வதை அப்படியே சொல்லுங்கள், ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல். குதிரை தாண்டவில்லை. தாண்டியதை நான் பார்க்கவில்லை. அதைத்தான் ரேஞ்சரிடம் சொல்லப் போகிறேன். அதற்காக நான் அவனை மன்னித்துவிட்டேன் என்று அர்த்தம் கிடையாது, அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

“மாமா, கிறுக்குத்தனம் பண்ணாதீங்க. மாடு?”

மாடு கட்டுத்தறியில் நிற்கட்டும். எத்தனை நாள் என்றாலும் நிற்கட்டும். புல் போட ஆள் இருக்கிறதே. தாண்டாவிட்டால் லத்தி எப்படி உள்ளே போயிற்று என்று ரேஞ்சர் கேட்பார். கேட்கட்டும், நான் பதில் சொல்லிக்கொள்கிறேன். இவன் அங்கே வாயைத் திறக்கக் கூடாது. இவனுக்குப் பொய் சொல்ல வராது, இன்னொரு தரம் சொன்னால் எல்லாவற்றையும் கெடுத்துவிடுவான். நாளைக்கு லாரி வரவேண்டாம் என்று போன் செய்யச் சொல்லுங்கள். இப்போதே. சிக்னல் வளைவைத் தாண்டினால் போய்விடும்.

இன்னொன்று. அந்தப் பூ பஞ்சாவதற்கு இன்னும் நாலைந்து நாள்தான் இருக்கிறது. ரேஞ்சரிடம் அனுமதி வாங்கிக்கொண்டு நாளைக்கு விடிந்ததும் களைக்கொத்தோடு மேட்டுக்கு வரச் சொல்லுங்கள், வேரோடு எடுக்க வேண்டும். மேடத்தின் படத்தை நம்பிக்கொண்டு அவன் தனியாகப் போக வேண்டாம். நாற்பத்தொன்று என்று அந்த அம்மா எழுதியிருப்பது தப்பு.

நாற்பத்தேழு இடம்.